சோதனை ஓட்டத்துக்குப் பிறகு: சிறு நகரங்களின் போக்குவரத்தும் வெளியுதவியும்

கிரேக்க நாட்டின் நடுப்பகுதியில் இருக்கும் திரிகாலாவின் மக்கள்தொகை ஏறத்தாழ எண்பதாயிரம். 2015ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிச் சில மாதங்கள் அதன் தெருக்களில் ஓட்டுநர் இல்லாத சிறு பேருந்துகள் ஓடின. சுமார் இரண்டரை கிலோமீட்டர் சுற்றுப்பாதை. பணம் ஐரோப்பிய ஒன்றியத்தின் ‘சிட்டிமொபில்-2’ திட்டத்திலிருந்து வந்தது. ஓட்டுநரில்லா வண்டி பொதுச்சாலையில் போக நாட்டின் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது, திருத்தினார்கள். கார்கள் நின்ற இடத்தைக் காலி செய்து தனித் தடம் ஒதுக்கினார்கள். பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் பயணம் செய்தார்கள். 2016 தொடக்கத்தில் சோதனைக்காலம் முடிந்தது. பேருந்துகள் நின்றுபோயின.

இதைத் தோல்வி என்று சொல்ல முடியாது. சட்டத்தில் ஒரு வழி திறந்தது, நகராட்சி ஊழியர்களுக்கு அனுபவம் கிடைத்தது, ஊரின் பெயர் உலகத்துக்குத் தெரிந்தது. ஆனால் தினமும் வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவருக்கு அந்தப் பாதையில் நிரந்தரமாக ஒரு வண்டி கிடைக்கவில்லை. சிறு உள்ளாட்சிகள் புதுமையான போக்குவரத்துத் திட்டங்களைக் கொண்டுவர மேலிருந்து செய்யப்படும் உதவி எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்வியை இங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. கடந்த சில பத்தாண்டுகளில் ஐரோப்பிய நாடுகள் இதற்குப் பல வழிகளை முயன்று பார்த்திருக்கின்றன. அவற்றில் நிலைத்தவை எவை, கரைந்தவை எவை என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

சிறு நகரத்தின் சங்கடம்

பெருநகரத்தில் போக்குவரத்துக்கென்று தனித் துறை உண்டு. திட்டமிடுபவர், பொறியாளர், ஒப்பந்தச் சட்டம் தெரிந்தவர், புள்ளிவிவரம் பார்ப்பவர் என்று ஆட்கள் உண்டு. ஐம்பதாயிரம் பேர் வாழும் ஊரில் சாலை போடும் பொறியாளரே தெருவிளக்கையும் மழைநீர் வடிகாலையும் பார்ப்பார். மானியம் கேட்டு நூறு பக்க விண்ணப்பம் எழுத வேண்டுமென்றால் அவர் எந்த வேலையை நிறுத்துவது? போட்டி வைத்து நிதி வழங்கும்போது விண்ணப்பம் எழுதத் தெரிந்த ஊருக்கே பணம் போய்ச் சேர்கிறது. மிகவும் தேவைப்படும் ஊர் பட்டியலிலேயே வருவதில்லை.

இரண்டாவது சங்கடம் நடத்தும் செலவு. பேருந்து வாங்குவது ஒருமுறைச் செலவு. ஓட்டுநர் சம்பளம், எரிபொருள், பராமரிப்பு ஆகியவை வருடா வருடம் வருபவை. அரசியல்வாதிக்கும் நன்கொடை நிறுவனத்துக்கும் முதலாவது பிடிக்கும், கொடியசைத்துத் தொடங்கிவைக்கலாம் என்பதால். சிறு நகரத்தின் கழுத்தை நெரிப்பது இரண்டாவதுதான்.

மூன்றாவது அதிகாரம். பல நாடுகளில் தெரு நகராட்சியுடையது. அதில் ஓடும் பேருந்து வேறொருவருடையது. பிரிட்டனில் 1985ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டம் லண்டனுக்கு வெளியே பேருந்துச் சேவையைச் சந்தைக்குத் திறந்துவிட்டது. எந்தத் தடத்தில், எத்தனை மணிக்கு, என்ன கட்டணத்தில் ஓட்டுவது என்பதை நிறுவனங்களே முடிவு செய்தன. இலாபமில்லாத தடத்துக்கு மானியம் கொடுத்து வண்டி ஓடச் செய்வது மட்டுமே ஊர் மன்றத்துக்கு மிஞ்சியது. இப்படிப்பட்ட மன்றத்திடம் புதுமையான பேருந்துத் திட்டம் கொண்டுவா என்று சொல்வதில் பொருளில்லை.

முன்மாதிரித் திட்டங்கள்

உதவி என்றதும் முதலில் வருவது முன்மாதிரித் திட்டம்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் ‘சிவிடாஸ்’ முயற்சியைத் தொடங்கியது. ஒரு பெரிய நகரம், ஒரு நடுத்தர நகரம், ஒரு சிறு நகரம் என்று கலந்து குழு அமைத்து, புதிய யோசனைகளை நடைமுறையில் சோதிக்கப் பணம் கொடுப்பது அதன் முறை. இரண்டாம் கட்டத்தில் ஸ்வீடனின் மால்மோ, இங்கிலாந்தின் நாரிச், எஸ்தோனியாவின் தாலின் ஆகியவற்றோடு இத்தாலியின் பொடென்சாவும் ருமேனியாவின் சுச்சாவாவும் ஒரே குழுவில் இருந்தன. சிறிய ஊரின் பொறியாளர் பெரிய ஊரின் பணிமனைக்குப் போய் எரிவாயுப் பேருந்து எப்படிப் பராமரிக்கப்படுகிறது என்று நேரில் பார்க்க இது வழி செய்தது. அறிக்கை படிப்பதைவிட இது பலமடங்கு பயன்தரும் என்பதை மறுக்க முடியாது.

பிரிட்டன் வேறொரு கோணத்தில் முயன்றது. 2004 முதல் 2009 வரை டார்லிங்டன், பீட்டர்பரோ, வூஸ்டர் ஆகிய மூன்று நடுத்தர ஊர்களுக்கு ஏறத்தாழ ஒரு கோடி பவுண்டு கொடுத்தது. பெரிய கட்டுமானம் எதுவுமில்லை. வீடு வீடாகப் போய், இந்த வீட்டிலிருந்து உங்கள் வேலையிடத்துக்கு எந்தப் பேருந்து, எந்த நடைபாதை, எந்த மிதிவண்டிப் பாதை என்று எடுத்துச் சொன்னார்கள். பள்ளிகளோடும் நிறுவனங்களோடும் பயணத் திட்டம் வகுத்தார்கள். ஐந்தாண்டு முடிவில் அந்த ஊர்க்காரர்கள் கார் ஓட்டிச் சென்ற பயணங்கள் ஆளுக்கு ஏறத்தாழ 9 சதவீதம் குறைந்திருந்தன. செலவோடு ஒப்பிட்டால் பெரிய பலன்.

2005இல் டார்லிங்டனையும் சேர்த்து ஆறு ஊர்கள் மிதிவண்டி முன்மாதிரி நகரங்களாக அறிவிக்கப்பட்டன. அங்கும் மிதிவண்டிப் பயணம் ஒட்டுமொத்தமாக நான்கில் ஒரு பங்குக்கு மேல் கூடியது. அந்த ஊர்களுக்குத் துணைநின்ற ‘சைக்கிளிங் இங்கிலாந்து’ அமைப்பு 2011இல் மூடப்பட்டது. நிதியும் நிபுணரும் ஒரே நாளில் விலகினால், கற்ற பாடத்தை ஊரில் யார் பேணுவார்? வீடு வீடாகப் போய்ச் சொல்லும் வேலை ஒருமுறை செய்து முடிக்கிற வேலையில்லை. புதிதாகக் குடிவருபவருக்கும் புதிதாக வேலைக்குச் சேர்பவருக்கும் மீண்டும் சொல்லியாக வேண்டும்.

முன்மாதிரித் திட்டங்களின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. ஒரு யோசனை பலிக்கும் என்று அவை நிரூபிக்கும். அதைத் தொடர்ந்து நடத்தும் பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு அவற்றிடம் விடை இராது.

நிலையான வருவாய்: இரண்டு ஊர்களின் கதை

அந்தக் கேள்விக்கு மிகத் தெளிவான விடையைச் சொன்ன நாடு பிரான்ஸ். உள்ளூர்ப் பொதுப் போக்குவரத்துக்காக நிறுவனங்களிடமிருந்து அவை கொடுக்கும் ஊதியத் தொகையில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகப் பெறும் முறை 1971இல் பாரிஸ் வட்டாரத்தில் தொடங்கியது. 1973இல் மற்ற பெருநகரங்களுக்கும் விரிந்தது. முதலில் மூன்று லட்சம் மக்கள்தொகை என்றிருந்த வரம்பு படிப்படியாக இறங்கி, பின்னாளில் பத்தாயிரம் பேர் வாழும் பகுதிகள் வரை வந்தது. இன்று பதினொரு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் இதைச் செலுத்துகின்றன. தொழிலாளி வேலைக்கு வந்துசேர்வதால் முதலாளிக்கு நன்மை, ஆகவே அவரும் பங்கு தரட்டும் என்பதே இதன் நியாயம். பணம் தலைநகருக்குப் போய்த் திரும்பி வருவதில்லை. விகிதத்தையும் சட்டம் வகுத்த உச்சவரம்புக்குள் உள்ளூர் அமைப்பே முடிவு செய்கிறது.

இதன் பயனை வடகடலோரத் துறைமுக நகரமான டன்கர்க் காட்டுகிறது. சுற்றுப்புற ஊர்களோடு சேர்ந்து இரண்டு லட்சம் பேர் வாழும் பகுதி அது. 2018 செப்டம்பர் 1 முதல் அங்கே எல்லாப் பேருந்திலும் எல்லோருக்கும் எல்லா நாளும் இலவசம். அதற்கு முன்பே டிக்கெட் வருவாய் மொத்தச் செலவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். மீதியை ஊதிய வரியும் பொதுநிதியும் ஏற்கெனவே சுமந்துகொண்டிருந்தன. அந்தப் பத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுப்பது எட்டும் தூரத்தில்தான் இருந்தது. கட்டணத்தை நீக்கியதோடு நிற்காமல் தடங்களையும் திருத்தி வரைந்தார்கள். முக்கியமான ஐந்து தடங்களில் பத்து நிமிடத்துக்கொரு வண்டி விட்டார்கள். முதல் ஆண்டிலேயே பயணிகள் எண்ணிக்கை வாரநாட்களில் 65 சதவீதமும் வாரஇறுதியில் 125 சதவீதமும் கூடியது.

இதே யோசனையை டன்கர்க்குக்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே முயன்ற ஊர் பெல்ஜியத்தின் ஹாசெல்ட். அப்போது எழுபதாயிரம் பேர் வாழ்ந்த அந்த நகரத்தில், மேயர் ஸ்டீவ் ஸ்டீவார்ட் காலத்தில், 1997 ஜூலை 1 அன்று நகரப் பேருந்து இலவசமானது. உள்வட்டச் சாலையின் ஒரு பகுதியை மரங்கள் நிறைந்த நடைவெளியாக மாற்றினார்கள். பயணிகள் சில ஆண்டுகளில் பத்து மடங்குக்கு மேல் பெருகினார்கள். வெற்றியே சுமையானது: கூட்டம் கூடக் கூட வண்டிகள் கூடின, வண்டிகள் கூடக் கூட நகரமன்றம் தர வேண்டிய பங்கும் கூடியது. பேருந்தை நடத்தியதோ ஃபிளாண்டர்ஸ் மாநில நிறுவனம். விலையை முடிவு செய்யும் இடத்தில் நகரம் இல்லை. ஹாசெல்ட்டிடம் டன்கர்க்குக்கு இருந்ததுபோலத் தனி வரி ஏதும் இல்லை. 2013இல் பெரியவர்களுக்குக் கட்டணம் திரும்பி வந்தது.

இரண்டு ஊர்களிலும் யோசனை ஒன்று, மக்கள் வரவேற்பும் ஒன்று. ஒன்று நிலைத்ததற்கும் மற்றது நின்றதற்கும் காரணம், பேருந்து பெருகும்போது கூடவே பெருகக்கூடிய வருவாய் ஊரின் கையில் இருந்ததா இல்லையா என்பதுதான்.

ஜெர்மனியில் இதே வேலையை வேறுவிதமாகச் செய்தார்கள். பல நகராட்சிகளுக்குச் சொந்தமாக மின்சாரம், எரிவாயு, குடிநீர் விற்கும் நிறுவனங்கள் உண்டு. அவற்றின் இலாபத்தைப் பேருந்தின் நட்டத்துக்கு எதிரே வைத்துக் கணக்கை நேர்செய்ய வரிச்சட்டம் இடம் கொடுத்தது. அண்மைக்காலத்தில் எரிசக்திச் சந்தை மாறி அந்த இலாபம் குறையும்போது பேருந்தும் ஆட்டம் காண்கிறது. ஒரே ஊற்றை நம்பினால் வரும் ஆபத்து இது.

அறிவைப் பகிர்வது

பணத்துக்கு அடுத்தது அறிவு. நெதர்லாந்தில் எந்தச் சின்ன ஊருக்குப் போனாலும் மிதிவண்டிப் பாதையும் சந்திப்பும் ஒரே தரத்தில் இருப்பதைப் பார்க்கலாம். ஊருக்கு ஊர் மேதைகள் இருப்பதால் அப்படி நடப்பதில்லை. 1987இல் உருவான ‘க்ரோ’ என்ற அமைப்பு சாலை, பாதை, நிறுத்தம் ஆகியவற்றுக்கான வடிவமைப்புக் கையேடுகளை வெளியிடுகிறது. 1993இல் மிதிவண்டிக்கென்றே தனிக் கையேடு வந்தது. பாதை எத்தனை அகலம், எந்த வேகத்தில் கார் போகும் தெருவில் மிதிவண்டியைப் பிரிக்க வேண்டும் என்ற கேள்விகளுக்கு அதில் விடை இருக்கிறது. ஊர்ப் பொறியாளர் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மன்றத்தில் கேள்வி எழும்போது கையேட்டைக் காட்டலாம். ஒற்றைப் பொறியாளருக்கு அது பெரிய பாதுகாப்பு.

பிரான்சில் அரசின் பல தொழில்நுட்ப அலுவலகங்களை இணைத்து 2014இல் ‘செரெமா’ தொடங்கப்பட்டது. 2022ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உள்ளாட்சிகள் அதில் உறுப்பினராகச் சேர வழி திறந்தது. உறுப்பினரான ஊர் டெண்டர் விடாமலேயே அதன் நிபுணர்களிடம் வேலை கேட்கலாம். ஆலோசகரைத் தேர்ந்தெடுக்கவே இன்னோர் ஆலோசகர் தேவைப்படும் நிலையில் இருக்கும் சிறு ஊருக்கு இது மெய்யான உதவி.

ஐரோப்பிய ஒன்றியமோ ‘நிலைத்த நகர்ப்புறப் போக்குவரத்துத் திட்டம்’ என்ற பெயரில் ஒரு செய்முறையை 2013 முதல் பரப்பி வருகிறது. 2024இல் வந்த புதிய விதிமுறைப்படி 430க்கும் மேற்பட்ட நகரங்கள் 2027க்குள் அப்படியொரு திட்டத்தை வைத்திருக்க வேண்டும். பெரும்பாலும் ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்கள்தான் இந்தப் பட்டியலில் இருக்கின்றன. கட்டாயம் வரும்போது கூடவே பணமும் கவனமும் வரும் என்பதால், பட்டியலுக்கு வெளியே இருக்கும் சிறு ஊர்கள் இன்னும் பின்தங்கும் அபாயம் இருக்கிறது.

கூட்டாக நடத்துவது

சிறிய ஊர் தனியே தாங்க முடியாததைக் கூட்டாகத் தாங்கலாம். 1965இல் ஹாம்பர்க்கில் உருவான போக்குவரத்துக் கூட்டமைப்பு ஒரே டிக்கெட், ஒரே நேரப்பட்டியல் என்ற முறைக்கு வழிகாட்டியது. பின்னர் ஜெர்மன் மொழி பேசும் நாடுகள் முழுவதும் அது பரவியது. கூட்டமைப்பு கட்டணம், ஒப்பந்தம், தகவல் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளும். ஊர் தன் தடத்தைப் பற்றி மட்டும் கவலைப்பட்டால் போதும்.

ஆஸ்திரியாவின் டோர்ன்பிர்ன் 1991இலும், நாற்பதாயிரம் பேர் வாழும் ஜெர்மனியின் லெம்கோ 1994இலும் தொடங்கிய நகரப் பேருந்து முறை இந்தச் சூழலில்தான் வளர்ந்தது. அதில் கணினி வித்தையோ விலையுயர்ந்த வண்டியோ இல்லை. ஊர் நடுவே ஓர் இடம். அரைமணிக்கொருமுறை எல்லாத் தடங்களின் வண்டிகளும் அங்கே ஒரே நேரத்தில் வந்து நின்று, பயணிகள் மாறி ஏறியதும் ஒன்றாகப் புறப்படும். எந்த மூலையிலிருந்து எந்த மூலைக்கும் காத்திருக்காமல் போய்விடலாம். நேரப்பட்டியலைப் பார்க்காமலே மனதில் வைத்துக்கொள்ளலாம்.

இதைவிடச் சிறிய ஊருக்கு ‘குடிமக்கள் பேருந்து’ இருக்கிறது. ஜெர்மனியில் அது 1985இல் வடரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தில் தொடங்கியது. எட்டுப் பயணிகள் உட்காரும் வண்டி. ஓட்டுபவர்கள் ஊதியம் வாங்காத ஊர்க்காரர்கள், பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். ஊர்ச் சங்கம் நடத்துகிறது, வண்டி வாங்க மாநிலம் உதவுகிறது, நட்டத்தை நகராட்சி ஏற்கிறது. பெரிய பேருந்து ஓட்டக் கட்டுப்படியாகாத தடத்தை நிரப்புவதுதான் இதன் வேலை. முறையான சேவையைக் குறைக்க இதைச் சாக்காக்கினால் அது கெடுதல்.

உதவியில்லாமல் செய்தவர்கள்

வெளியுதவியைப் பற்றிப் பேசும்போது அது அதிகம் இல்லாமலே நடந்ததையும் பார்க்க வேண்டும். ஸ்பெயினின் வடமேற்கில் இருக்கும் பொன்தெவெத்ராவில் ஏறத்தாழ 83,000 பேர் வாழ்கிறார்கள். 1999இல் மேயரான மிகேல் அன்ஷோ ஃபெர்னாண்டஸ் லோரெஸ் முதலில் பழைய நகர்ப்பகுதிக்குள் கார்கள் வருவதைத் தடுத்தார். பிறகு கடைவீதிகளுக்கும் அதை விரித்தார். ஊரைக் குறுக்கே கடந்துபோகும் கார்களுக்கு வழி அடைபட்டது. விளிம்பில் இலவச நிறுத்துமிடங்கள் கொடுக்கப்பட்டன. 2010இல் நகரம் முழுவதும் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகவரம்பு வந்தது. 2011இல் மெட்ரோ ரயில் வரைபடத்தைப் போலவே தோன்றும் நடைப்பயண வரைபடம் ஒன்றை வெளியிட்டார்கள். எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்கு எத்தனை நிமிட நடை என்று அது சொல்லும். அதைப் பல ஐரோப்பிய நகரங்கள் நகலெடுத்துக்கொண்டன.

இங்கே செலவானது பணத்தைவிடத் துணிவு. அதே மேயர் தேர்தலுக்குத் தேர்தல் திரும்பி வந்ததால் கொள்கை அறுபடவில்லை. தெருவின்மீது நகராட்சிக்கு முழு அதிகாரம் இருந்ததும் முக்கியம். அதிகாரம் இருக்கும் ஊர், மானியம் இல்லாமலும் நிறையச் செய்ய முடியும்.

பிரான்சின் லா ரொஷெல் சொந்தத் துணிவு, வெளியுதவி இரண்டையும் சேர்த்துக் காட்டும் ஊர். மேயர் மிஷெல் க்ரெபோ 1976இல் மஞ்சள் நிற மிதிவண்டிகளைப் பொதுவில் விட்டார். 1999இல் மின்கார் பகிர்வு, 2001இல் நகர்மையக் கடைகளுக்குச் சரக்கை மின்வண்டியில் கொண்டுசேர்க்கும் கிடங்கு, 2005 முதல் சிவிடாஸ், 2014-15இல் ஓட்டுநரில்லா வண்டிச் சோதனை என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது. ஒவ்வொரு வெளியுதவியும் முந்தையதன் மேல் நின்றது. திட்டத்துக்காக ஊர் தன்னை வளைத்துக்கொள்ளாமல், ஊரின் போக்குக்கு ஏற்ற திட்டங்களைத் தேடிப்பிடித்தது.

நம் ஊர்க் கணக்கு

இந்தப் பாடங்களைத் தமிழ்நாட்டோடு பொருத்திப் பார்த்தால் முதலில் இடிப்பது அதிகாரம். 1992இல் நிறைவேறிய 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நகராட்சிகளுக்கென்று பன்னிரண்டாம் அட்டவணையை உண்டாக்கியது. அதில் சாலை, பாலம் உண்டு. வாகன நிறுத்துமிடம், பேருந்து நிறுத்தம் உண்டு. பேருந்துச் சேவை இல்லை. டவுன் பஸ் அரசுப் போக்குவரத்துக் கழகத்துடையது, மினி பஸ்ஸுக்குப் பெர்மிட் தருவது போக்குவரத்துத் துறை. நகராட்சியின் கையில் இருப்பது பேருந்து நிலையம். அங்குள்ள கடை வாடகையும் உள்ளே வரும் வண்டிக்கான கட்டணமும் அதன் வருமானம். எந்த வார்டுக்கு எத்தனை மணிக்கு வண்டி வேண்டும் என்று கவுன்சிலருக்குத் தெரியும்; அதை முடிவு செய்யும் மேசை அவரிடம் இல்லை. சென்னைக்கு ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமம் இருக்கிறது. 2022 உள்ளாட்சித் தேர்தலின்போது இருந்த 138 நகராட்சிகளுக்கும் 490 பேரூராட்சிகளுக்கும் அப்படி ஒன்றுமில்லை.

ஒன்றிய அரசு 2023 ஆகஸ்டில் அறிவித்த மின்பேருந்துத் திட்டத்தில் நல்ல அம்சம் ஒன்று உண்டு: வண்டியோடு நிற்காமல் பத்தாண்டுகளுக்கு நடத்தும் செலவிலும் அது பங்கேற்கிறது. 169 நகரங்களுக்கு 10,000 பேருந்துகள் என்பது அதன் அளவு. ஆனால் பொதுவாக மூன்று லட்சம் மக்கள்தொகை என்ற வரம்பு இருப்பதால், நம் நகராட்சிகளில் பெரும்பாலானவை வாசலிலேயே நின்றுவிடுகின்றன.

செய்யக்கூடியது என்ன? மாவட்ட அளவில் நகராட்சிகள், பேரூராட்சிகள், போக்குவரத்துக் கழகம், போக்குவரத்துத் துறை ஆகியவை ஒன்றாக அமர்ந்து தடங்களை வகுக்கும் அமைப்பு முதல் தேவை. அந்த அமைப்புக்கு நான்கைந்து நிபுணர்களை நிரந்தரமாக அமர்த்தினால், ஊருக்கு ஊர் ஆலோசனை நிறுவனத்துக்குக் கொடுக்கும் பணம் மிஞ்சும். லெம்கோவைப் போல டவுன் பஸ்களும் மினி பஸ்களும் ஒரே நேரத்தில் சந்திக்கும்படி நேரப்பட்டியலை ஒழுங்குசெய்யப் புது வண்டிகூட வேண்டியதில்லை. நடைபாதை, மிதிவண்டி, பேருந்து நிறுத்தம் ஆகியவற்றுக்குத் தமிழில் ஒரு வடிவமைப்புக் கையேடும், அதைப் பின்பற்றினால்தான் சாலை நிதி என்ற விதியும் வந்தால், ஊர்ப் பொறியாளரின் கை வலுப்படும்.

என்ன விதமான உதவி?

மேலே கண்டவற்றைத் தொகுத்தால் ஒரு வரிசை கிடைக்கிறது. முதலில் அதிகாரம், அடுத்து நிலையான வருவாய், பிறகு பகிர்ந்துகொள்ளும் நிபுணர்கள், கடைசியாகத்தான் சோதனைக்கான மானியம். நடைமுறையில் அரசுகளும் பன்னாட்டு நிறுவனங்களும் இதைத் தலைகீழாகச் செய்கின்றன, மானியம் கொடுப்பது எளிது, அதிகாரத்தை விட்டுக்கொடுப்பது கடினம் என்பதால்.

முன்மாதிரித் திட்டங்கள் வேண்டாம் என்பதில்லை. டார்லிங்டன் காட்டியதை யாரும் வாதத்தால் மட்டும் நிறுவியிருக்க முடியாது. ஆனால் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் ஒரு பக்கம் கட்டாயமாக்கப்பட வேண்டும்: மானியம் தீர்ந்த அடுத்த ஆண்டு ஓட்டுநர் சம்பளத்தை யார், எந்தக் கணக்கிலிருந்து தருவார்? அந்தப் பக்கத்தை ஊர் தனியாக நிரப்ப முடியாவிட்டால், மானியம் தருபவரும் சேர்ந்து உட்கார்ந்து நிரப்பட்டும். அது நிரம்பிய பிறகு பேருந்து வாங்கினால் போதும்.